கிராஸ்போ மான் வேட்டைக்கு விரியும் முனை வாங்குவது எப்படி: டூல்ரூம்காரர் ஒருவரின் யோசனை

ஓசூர் சிப்காட்டிலிருந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. கார் கம்பெனிகளுக்கு டை, ஜிக், பிக்ஸ்சர் செய்யும் வேலை. அங்கே அக்டோபர் பிறந்துவிட்டால் டூல்ரூமில் மான் வேட்டைப் பேச்சுதான். கூட வேலை பார்ப்பவர்கள் நம் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துப் பிடித்துவிட்டால் ஒரு கிராஸ்போ, அதாவது துப்பாக்கி போல விசையை இழுத்து அம்பு விடும் வில், வாங்குவார்கள். அப்புறம் எனக்கு போன் வரும்: "அண்ணா, கடையில் நாற்பது வகை அம்பு முனை தொங்குது, எதை எடுக்கிறது?" நானும் அந்த ஊர் டூல்ரூமில் இருந்த காலத்தில் கிராஸ்போவோடு பரணில் உட்கார்ந்தவன். இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இது முழுக்க அங்கே, உரிமம் வாங்கி, பருவத்தில் வேட்டையாடுகிறவர்களுக்கு. நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி மான் வேட்டை குற்றம். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டில் புள்ளிமானைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காடு காவிரி வடக்கு சரணாலயம். அங்கே மானைப் பார்க்கத்தான் போக வேண்டும். மிச்சிகனில் நிலைமை வேறு. வெள்ளைவால் மான் ஏராளம், அரசே ஆண்டுதோறும் பருவம் அறிவித்து உரிமம் கொடுக்கிறது. 1960 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு படித்துத் தேற வேண்டும். அதைப் படிக்காமல் முனை வாங்கிப் பயனில்லை.

சரி, முனைக்கு வருவோம்.

விரியும் முனை என்ன செய்கிறது

வேட்டை அம்பின் முனையை பிராட்ஹெட் என்பார்கள். அசையாத பிளேடு வைத்தது ஒரு வகை. இன்னொரு வகையில் பிளேடுகள் உடலோடு ஒட்டி மடங்கிக் கிடக்கும், மானைத் தொட்டதும் விரியும். இந்த இரண்டாவதைத்தான் மெக்கானிக்கல் என்கிறார்கள். கிராஸ்போ அம்பு குட்டை. பெரும்பாலும் 20 அல்லது 22 அங்குலம்தான். வேகமோ நொடிக்கு 350, 400 அடி. அந்த வேகத்தில் அசையாத அகலப் பிளேடு காற்றைப் பிடித்து அம்பை ஒரு பக்கம் இழுக்கும். மடங்கிய பிளேடு அதிகம் இழுக்காது, பயிற்சி முனை போகிற இடத்துக்கே கிட்டத்தட்டப் போகும். கிராஸ்போக்காரர்கள் விரியும் முனையைத் தேடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் இதை ஒரு கத்தியாக மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இது ஒரு இயந்திரம். ஊசி, திருகு, வளையம், நகரும் பாகம் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யப் போகிறது, அந்த ஒரு தடவை தவறவே கூடாது. பொட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வெட்டு அகலத்தை வைத்து வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான் கேட்பது மூன்று கேள்வி. வில்லிலிருந்து கிளம்பும்போது மூடியே இருக்குமா? மானைத் தொட்டதும் கட்டாயம் திறக்குமா? திறந்த பிறகு எலும்பில் பட்டால் வளையாமல் நிற்குமா? அகலமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் வில்லின் கணக்கை முதலில் போடுங்கள்

அம்பின் மொத்த எடையை கிரெயின் என்ற சின்ன எடை அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் சக்தி கிடைக்கும். 400 கிரெயின் அம்பு 350 அடி வேகத்தில் போனால் ஏறக்குறைய 109 அடி-பவுண்டு. அதே அம்பு 400 அடி வேகத்தில் 142. கையால் இழுக்கும் காம்பவுண்ட் வில்லில் இதே எடை அம்பு 270 அடி வேகத்தில் போனால் 65-தான்.

பிளேடு விரிவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகும். காம்பவுண்ட் வில்காரர்கள் அதற்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. இன்றைய கிராஸ்போவுக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. அதன் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அம்பு புறப்படும்போது விழும் உதையில். 14 அங்குல தூரத்துக்குள் அம்பு அசையாத நிலையிலிருந்து 400 அடி வேகத்துக்கு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சராசரியாக 2000 மடங்குக்கு மேல் வருகிறது. 1 கிராம் எடையுள்ள பிளேடு அந்தக் கணத்தில் 2 கிலோவுக்கு மேல் பின்னால் இழுக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம். அந்த வளையம் விட்டுக்கொடுத்தால் பிளேடு பறக்கும்போதே திறந்து, அம்பு எங்கோ போகும். மான் செத்திருக்காது, காயப்பட்டுத் தெரியாத இடத்தில் கிடக்கும். இதற்குத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன்.

ஆகவே கிராஸ்போவுக்கென்றே செய்த முனையை மட்டும் வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு பொட்டி தொங்கும், ஒன்றில் மட்டும் கிராஸ்போ என்று போட்டிருக்கும். பார்க்க ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் பிடிப்பில்தான்: வளையம் இறுக்கமானது, அல்லது ஸ்பிரிங் வலுவானது.

எடையில் குழம்ப வேண்டாம். முனைகள் 100, 125, 150 கிரெயினில் வரும். 100 கிரெயின் என்றால் சுமார் ஆறரை கிராம். வில்லோடு வந்த புத்தகத்தில் அம்பின் குறைந்தபட்ச மொத்த எடை போட்டிருக்கும். அதற்குக் கீழே ஒருநாளும் போகாதீர்கள். எடை குறைந்த அம்பை விடுவது, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குப் பக்கத்தில் போகிற வேலை; வில்லின் கை உடையும். நான் 125-ஐ விரும்புகிறேன். முன்பக்கம் எடை கூடினால் குட்டை அம்பு நேராகப் போகும், ஊடுருவலும் கூடும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

முன்னால் விரிவது, பின்னால் விரிவது, கலப்பு

பழைய பாணியில் பிளேடின் நுனி முன்பக்கம் பார்த்து மடங்கியிருக்கும், அச்சு பின்னால் இருக்கும். தோலில் பட்டதும் பிளேடு குடை மாறுவது போல முன்னாலிருந்து பின்னால் புரண்டு திறக்கும். ஸ்பிட்ஃபயர் இந்த ரகம். நேர்ப் பக்கவாட்டில் பட்டால் நன்றாக வேலை செய்யும். மான் சாய்வாக நிற்கும்போது ஒரு பிளேடு மட்டும் முதலில் விலாவைத் தொட்டு, அம்பின் போக்கைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

ரேஜ் போன்றவற்றில் பிளேடு பின்பக்கம் சறுக்கி விரியும். உள்ளே நுழையும்போதே முழு அகலமும் வெட்டும். கிராஸ்போவுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புறப்படும் உதையும் பிளேடைப் பின்னால்தான் தள்ளுகிறது, திறப்பதும் பின்னால்தான். இரண்டும் ஒரே திசை. அதனால்தான் இந்த ரகத்தில் காலரின், அதாவது பிளேடை மூடிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தின், தரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செவர் முனைகளில் பிளேடு இரண்டும் ஒரு அச்சில் பக்கவாட்டிலும் அசைந்துகொடுக்கும், எலும்பில் பட்டால் அம்பு திரும்பாமல் பிளேடு நகர்ந்து போகும். அதில் ஒரு சின்ன பூட்டுத் திருகும் இருக்கிறது. அதை மாட்டினால் பிளேடு திறக்காது, அதே முனையில் பயிற்சி செய்யலாம். நல்ல ஏற்பாடு. பயிற்சி முடிந்ததும் அந்தத் திருகைக் கழற்றிவிட்டோமா என்று காட்டுக்குக் கிளம்புமுன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கலப்பு ரகத்தில் இரண்டு சிறு பிளேடு அசையாமல் இருக்கும், இரண்டு விரியும். விரியாமல் போனாலும் ஒரு வெட்டு உறுதி. மானை முதன்முறை வேட்டையாடப் போகும் ஆளுக்கு இது மன நிம்மதி தரும். காற்றில் கொஞ்சம் இழுக்கும் என்பதால் இலக்கில் சோதிக்காமல் எடுத்துப் போகக் கூடாது.

அகலத்தின் மீதான ஆசை

2 அங்குலம், 2.3 அங்குலம் என்று அகலம் போட்டுக்கொண்டே போகிறார்கள். இரட்டைப் பிளேடு 2 அங்குல முனை வெட்டும் மொத்த நீளம் 2 அங்குலம். மூன்று பிளேடு ஒன்றரை அங்குல முனையில் ஒவ்வொரு பிளேடும் முக்கால் அங்குலம் வெட்டும், கூட்டினால் இரண்டேகால். அகலம் குறைந்த முனை இங்கே அதிகமாக வெட்டுகிறது. இன்னொன்று, நம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக்குக் காவல் இருக்கும் பரண் போலத்தான் அங்கேயும் மரத்தில் 15, 20 அடி உயரத்தில் உட்காருவார்கள். மேலிருந்து விடும் அம்பு முதுகுப் பக்கம் உயரத்தில் நுழையும். மறுபக்கம் வயிற்றோரம் கீழே வெளியே வந்தால்தான் ரத்தம் தரையில் கொட்டும், மானைத் தேடிப் போக முடியும். வெளியே வராமல் உள்ளேயே நின்றால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கும், தடம் கிடைக்காது. ஆகவே மறுபக்கம் துளைத்துப் போவதுதான் எனக்கு முக்கியம். ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் வரை, விரிந்த பிறகு பிளேடு நன்றாகப் பின்னால் சாய்ந்து நிற்கும் வடிவம். குறுக்கே செங்குத்தாக நிற்கும் பிளேடு வெட்டாது, மோதும்.

மிச்சிகனில் சட்டப்படி முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், அம்பு குறைந்தது 14 அங்குல நீளம். நான் சொன்ன அளவுகள் எல்லாம் இதற்கு மேலேதான். வேறு மாநிலத்துக்கு மாறினால் அந்த ஊர் விதியைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரிகான் கிராஸ்போ வேட்டையையே அனுமதிப்பதில்லை.

பொட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டியது

இது நம்ம ஏரியா. டூல்ரூமில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் புதுப் பாகத்தை அளக்காமல் மாட்ட மாட்டார்கள். இங்கே மட்டும் ஏன் அப்படியே மாட்ட வேண்டும்?

பொட்டியில் இருக்கும் மூன்று முனையையும் தனித்தனியாக எடை போடுங்கள். கிரெயின் காட்டும் சின்னத் தராசு விலை அதிகமில்லை. ஒன்றிரண்டு கிரெயின் வித்தியாசம் பரவாயில்லை, ஐந்து வந்தால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முனையை அம்பில் திருகி மாட்டுங்கள். மரை பெரும்பாலும் 8-32 அளவுதான், பொருந்தும். பிளேடைப் பிடித்து இறுக்காமல் கூட வரும் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். அப்புறம் அம்பை இரண்டு வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டையில்) கிடத்தி, டயல் கேஜை (சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவியை) முனையின் நுனிக்குப் பக்கத்தில் வைத்து அம்பை மெல்லச் சுற்றுங்கள். 0.1 மில்லிமீட்டருக்குள் ஆட்டம் இருந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன். 0.25-ஐத் தாண்டினால் வேட்டைக்கு எடுக்க மாட்டேன். ஆட்டம் வந்தால் முனையைக் குறை சொல்லுமுன் வேறு அம்பில் மாட்டிச் சுற்றுங்கள். ஆட்டம் முனையோடு கூடவே வந்தால் முனையில் கோளாறு. வராவிட்டால் அம்பின் வாயில் ஒட்டியிருக்கும் இன்சர்ட் கோணலாக இருக்கிறது. டயல் கேஜ் கைவசம் இல்லாதவர்கள் நுனியை உள்ளங்கையில் லேசாக ஊன்றி அம்பைச் சுழற்றினாலே நடுக்கம் தெரியும். பிளேடு மூடியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், கவனமாக.

உடல் பகுதி, அதாவது ஃபெரூல், அலுமினியத்திலும் வரும், ஸ்டீலிலும் வரும், டைட்டானியத்திலும் வரும். அலுமினியம் தோள்பட்டை எலும்பில் பட்டால் வளையும். கிராஸ்போ வேகத்துக்கு நான் ஸ்டீல்தான் எடுப்பேன். பிளேடு கனம் 0.035 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். பிளேடின் அச்சு ஊசி முழுத் திருகாக இருக்கிறதா, வெறுமனே அழுத்தி வைத்ததா என்று பாருங்கள். திருகாக இருந்தால் பிளேடு மாற்றலாம். விளிம்பில் பிசிறு இருந்தால் லென்ஸ் வைத்தால் தெரியும். கூர் பார்க்க விரலை வைக்காதீர்கள். ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து பிளேடை லேசாகத் தொட வையுங்கள். தொட்டதும் அறுந்தால் சரி, அழுத்த வேண்டியிருந்தால் சரியில்லை.

அடுத்தது திறப்பு. கெட்டி அட்டைப் பெட்டியின் பக்கத்தில் முனையை அம்போடு பிடித்து நேராகக் குத்தித் தள்ளுங்கள். இரண்டு பிளேடும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். அப்புறம் சாய்வாகத் தள்ளிப் பாருங்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் எண்ணெய்ப் பசை, துரு, தூசு எங்கேயாவது இருக்கும். மீண்டும் மூடும்போது தடிமனான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வளையம், காலர், குளிர்

மிச்சிகனில் வில் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் 14 வரை, மறுபடி டிசம்பரில். அக்டோபரில் ஸ்வெட்டர் போதும், டிசம்பரில் பரணில் மூக்கு உறையும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் குளிரில் இறுகும், நொறுங்கும். போன வருடம் வாங்கிய ஓ-ரிங்கை இந்த வருடம் நம்பக் கூடாது. காலர் வைத்த முனை என்றால் ஒரு காலர் ஒரு அம்புக்குத்தான். ஒருமுறை விரிந்தால் அதன் காதுகள் உடைந்திருக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். பருவம் தொடங்குமுன் ஒரு பாக்கெட் காலர் கூடவே வாங்கி வையுங்கள்.

ஒரு சோதனை செய்யலாம். காலர் மாட்டிய முனையை ஒரு இரவு வீட்டுக்கு வெளியே குளிரில் வைத்து, காலையில் கையுறையோடு பிளேடைப் பின்பக்கம் மெல்ல அழுத்துங்கள். விறைப்பாகத் தடுத்து, பிறகு சட்டென்று விட வேண்டும். தொட்டதும் நழுவினால் அந்தக் காலர் வேண்டாம். காட்டில் தினமும் பரண் ஏறியதும், குவிவரில், அதாவது அம்பறாத்தூணியில், இருக்கும் ஒவ்வொரு முனையையும் பார்த்துவிடுங்கள். குவிவரின் நுரையில் உரசி, பிளேடு பாதி திறந்து கிடப்பது சாதாரணமாக நடக்கும்.

வில்லில் மாட்டியதும் பிளேடு, அம்பு சறுக்கி ஓடும் தண்டவாளத்தையோ முன்பக்கச் சட்டத்தையோ தொடவில்லை என்பதையும் பாருங்கள். குட்டை அம்பு வைக்கும் சில வில்களில் முனை சட்டத்துக்கு உள்ளேயே நிற்கும்.

இலக்கில்

முதலில் பயிற்சி முனையில் 20, 30, 40 கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரி செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு மூன்றில் ஒரு முனையைப் பயிற்சிக்கென்றே பலி கொடுங்கள். மூன்று முனை கொண்ட பொட்டி 40 டாலர் அளவில் வரும். ஒன்றை இழக்க மனசு வராது, ஆனாலும் செய்ய வேண்டும். விரியும் முனை பயிற்சி முனையைப் போலவே பறக்கும் என்று பொட்டியில் எழுதியிருப்பதை உங்கள் வில் ஒத்துக்கொள்கிறதா என்று அப்போதுதான் தெரியும். 30 கெஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் இரண்டும் விழாவிட்டால் முனையை மாற்றுங்கள். பிராட்ஹெட் தாங்கும் என்று போட்ட நுரை இலக்கு மட்டும் வாங்குங்கள்.

நாக்கு, அதாவது நாணில் உட்காரும் அம்பின் வால், உங்கள் வில் கம்பெனி சொன்ன ரகமாகவே இருக்கட்டும். அரைவட்டத்துக்குப் பதில் தட்டை போட்டால் நாண் அம்புக்கு மேலேயோ கீழேயோ நழுவலாம். முனையைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசித்துவிட்டு நாக்கில் கோட்டைவிடக் கூடாது.

மானின் முன்னால்

வெள்ளைவால் மான் உடலளவில் நம் புள்ளிமானுக்குப் பக்கத்தில் வரும். நெஞ்சுக்கூடு பெரிதில்லை. விரியும் முனைக்கு இரண்டு நிலைதான்: நேர்ப் பக்கவாட்டு, அல்லது நம்மை விட்டு லேசாகத் திரும்பி நிற்பது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இரண்டு நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. நேராக நம்மைப் பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

தூரம் 30 கெஜம் போதும். வில் 60 கெஜம் எறியும் என்று கடைக்காரர் சொல்வார். ஒலி நொடிக்கு 1,100 அடி போகிறது, உங்கள் அம்பு 380. 40 கெஜத்தில் வில்லின் சத்தம் மானை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நேரத்தில் எட்டும், அம்பு மூன்றில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். இடையில் மான் குனிந்து பாயத் தயாராகிவிடும். நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும். எந்த முனையும் இதைச் சரி செய்யாது.

அம்பு பட்டதும் இறங்காதீர்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுங்கள். அடர்ந்த சிவப்பு என்றால் கல்லீரல், நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல், பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் துரத்தினால் மான் ஓடிக்கொண்டே இருக்கும், வலி நீளும்.

மானைக் கண்டதும் அம்பையும் முனையையும் கண்டுபிடித்துப் பிளேடுகளை எண்ணுங்கள். அம்பு வெளியே வராமல் நின்றிருந்தாலோ, ஒரு பிளேடு குறைந்தாலோ, அது உடலுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடல் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். வெட்டுப்படாத கையுறை போட்டு, நெஞ்சுக்கூட்டை விரித்து, வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். இறைச்சியை வெட்டித் தரும் கடையில் கொடுப்பதாக இருந்தால் ஒரு பிளேடு உள்ளே இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.